எடைக்குப் போட வேண்டாம்

தூத்துக்குடி,
16.3.2025

அன்புத் தம்பிக்கு,

நீ அனுப்பின படம் ஒன்பதும் வந்து சேர்ந்தது. போனில் பேசினால் பாதியிலேயே உனக்கு ஷிஃப்ட் வந்துவிடுகிறது, எனக்கு மூச்சு வாங்குகிறது. அதான் பழைய வழக்கப்படி பேனாவை எடுத்துவிட்டேன். கையெழுத்து கோணிப்போயிருக்கும், பொறுத்துக்கொள்.

ஒரே மெசேஜில் இரண்டு விஷயம் எழுதியிருந்தாய். மேலே, "சன் யாட் சென் கூட்டம் போட்டுப் பேசின வீட்டையே பினாங்குல எப்படி வச்சிருக்கானுவ பாத்தியாக்கா, நம்ம ஊர்ல வ.உ.சி.க்கு என்ன இருக்கு?" கீழே, "அப்பாவோட டிரங்குப் பெட்டியை எடைக்குப் போட்டுட்டு மாடி ரூமை வாடகைக்கு விட்டுரு." இரண்டையும் எழுதினது ஒரே ஆள்தானா என்று திரும்பத் திரும்பப் படித்தேன்.

முதலில் உன் சீனாக்காரர். ஆர்மீனியன் தெரு 120-ஆம் நம்பர் வீட்டின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன்பக்கம் ஒடுக்கம், உள்ளே போகப் போக நீளம், நடுவில் மழை விழுகிற முற்றம். நம் பெரியாச்சி வீட்டைத் தூக்கிக்கொண்டுபோய் அங்கே வைத்த மாதிரி இருக்கிறது. பக்கத்திலேயே தமிழ் முஸ்லிம்கள் கட்டின கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் என்று சொன்னாய். அந்தத் தெருவில் தமிழ்ப் பேச்சு அன்றைக்கே கேட்டிருக்கும். சன் யாட் சென் அங்கே கூட்டம் போட்டது 1910 நவம்பரில். சீன ராஜாங்கத்தைக் கவிழ்க்க அடுத்த கிளர்ச்சிக்குத் திட்டமும் பணமும் வேண்டியிருந்தது. அதே மாதத்தில் நம் ஆள் வ.உ.சி. கோயம்புத்தூர் ஜெயிலில் இருக்கிறார். டிசம்பர் 1-ஆம் தேதி அவரைக் கண்ணனூர் ஜெயிலுக்கு மாற்றுகிறார்கள். அதே டிசம்பரில், பேசினது போதும் கிளம்பு என்று பினாங்கை விட்டு சன் யாட் சென்னை வெளியேற்றுகிறார்கள். ஒருவரை உள்ளே போட்டவனும் இன்னொருவரை வெளியே தள்ளினவனும் ஒரே வெள்ளைக்காரன்தான்.

இன்னொன்று கேள். வ.உ.சி.யின் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியை 1906 அக்டோபர் 16-இல் பதிவு செய்தபோது எழுதின நோக்கங்களில், கப்பலோட்டும் தொழிலை இந்தியர், சிலோன்காரர் மட்டுமல்ல, மற்ற ஆசிய நாட்டாரும் பழக வேண்டும் என்று ஒன்று உண்டு. பினாங்குச் சீனன் ஒருத்தன் வந்து, தொழில் சொல்லிக்கொடுங்க என்று நின்றிருந்தால், இவர்கள் மறுத்திருக்க முடியாது. யாரும் வந்த மாதிரி தெரியவில்லை. ஆனால் எழுதி வைத்த மனசைப் பார். ஒரு பங்கு 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்கு, 10 லட்சம் மூலதனம். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருத்தரே 8,000 பங்கு எடுத்தார். நான் முப்பத்தோரு வருஷம் ஷிப்பிங் ஆபீஸில் டைப் அடித்தவள். இந்தக் கணக்கைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. 1907-இல் காலியா, லாவோ என்று இரண்டு கப்பல் வந்து இறங்குகிறது. ஒவ்வொன்றிலும் 1,300 சாதாரண வகுப்புப் பயணிகள், 4,000 மூட்டை. நம் ஊர்க் கடல் கரையோரம் ஆழம் கிடையாது. அப்போதெல்லாம் பெரிய கப்பல் தூரத்தில் நிற்கும், ஆளையும் சரக்கையும் வள்ளத்தில்தான் கொண்டுபோய் ஏற்ற வேண்டும். அப்படி ஒரு துறையில் இருந்துகொண்டு பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனியோடு மல்லுக்கு நின்றிருக்கிறார்கள். அவன் கொழும்புக் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் சும்மாவே கூட்டிப்போகிறேன், குடையும் தருகிறேன் என்றான் என்று ஆச்சி சொல்வாளே, ஞாபகம் இருக்கா? குடை கதையைச் சொல்லும்போதெல்லாம் அவள் வாயில் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே ஒரு சிரிப்புச் சிரிப்பாள்.

சரி, "என்ன இருக்கு?" என்று கேட்டாயே. பேர் இருக்கிறது. பேருக்குக் குறைச்சலே இல்லை. துறைமுகத்துக்கு 2011 ஜனவரியில் அவர் பேரை வைத்தார்கள். காலேஜுக்கு 1951-லிருந்தே அவர் பேர். மார்க்கெட் அவர் பேர். நீ பிறந்த மாவட்டம்கூடச் சிதம்பரனார் மாவட்டமாகத்தான் 1986-இல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்தது. உன் பழைய சர்டிபிகேட்டில் பார், அப்படித்தான் இருக்கும். பதினோரு வருஷம். 1997-இல் மாவட்டங்களுக்கு வைத்த தலைவர் பேர்களை மொத்தமாக எடுத்தபோது அதுவும் போயிற்று. அன்றைக்கு ஆபீஸில் லெட்டர் பேடு எல்லாம் வீண், ரப்பர் ஸ்டாம்பு எல்லாம் வீண். மாவட்டப் பேருக்கு மேலே பட்டையாகக் கோடு போட்டு டைப் அடித்தது நான்தான். கோடு போடும்போது மனசுக்கு என்னவோ போலத்தான் இருந்தது.

சீனாவில் சன் யாட் சென் பிறந்த வட்டத்துக்கு 1925-இல், அவர் செத்த வருஷமே, சோங்ஷான் என்று பேரை மாற்றினார்கள். இன்றைக்கும் அதே பேர். வேடிக்கை என்னவென்றால் சோங்ஷான் அவருடைய சொந்தப் பேர் இல்லை. ஜப்பானில் தலைமறைவாக இருந்தபோது நகயாமா என்று வைத்துக்கொண்ட கள்ளப் பேர். அதைச் சீனத்தில் வாசித்தால் சோங்ஷான். ஒளிந்துகொள்ள வைத்த பேரில் இன்றைக்கு ரோடு, பார்க், யுனிவர்சிட்டி. தைவான்காரனும் அவர் எங்கள் ஆள் என்கிறான், அந்தக் கரையில் கம்யூனிஸ்ட்காரனும் அவர் எங்கள் ஆள் என்கிறான். இரண்டு அரசாங்கம் போட்டி போட்டுக் காப்பாற்றினால் காகிதம் ஏன் அழியப்போகிறது?

ஆனாலும் நீ சொல்கிற மாதிரி சீனாக்காரனைப் பார்த்து எல்லாம் படிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவருக்குப் பின்னால் வந்தாரே சியாங் கை ஷேக், 1942-இல் கல்கத்தாவில் காந்தியைப் பார்த்துவிட்டுப் போனாரே, அவர் கதையைப் பார். 1917-லிருந்து ஐம்பது வருஷத்துக்கு மேல் டைரி எழுதினவர். அந்த டைரி குடும்பத்தார் கை வழியாக அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டுக்குப் போய், யாருக்குச் சொந்தம் என்று வழக்காகி, 2023-இல்தான் தைவான் ஆவணக்காப்பகத்துக்குத் திரும்பி வந்தது. ஊர் ஊராக அவருக்கு வைத்த சிலைகளையோ பின்னால் வந்தவர்கள் பெயர்த்தெடுத்துவிட்டார்கள். அவரைக் கிடத்தியிருக்கிற சீஹூ பக்கத்துப் பூங்காவில் இருநூறுக்கும் மேலே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள். உட்கார்ந்த சியாங், நின்ற சியாங், குதிரைமேல் சியாங், ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன. டைரிக்கு ஒரு வழி, சிலைக்கு ஒரு வழி.

நம் ஆளுக்கு நடந்தது வேறே மாதிரி. ஜெயித்தவன் காகிதத்தை ஜெயித்தவன் வைத்துக்கொள்வான். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி பிறகு பி அண்ட் ஓவோடு சேர்ந்துவிட்டது, அதன் பழைய தஸ்தாவேஜுகள் இங்கிலாந்தில் கிரீனிச் கடல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. தோற்றவன் காகிதத்தை யார் வைத்திருப்பான்? சுதேசிக் கம்பெனி கடனில் முங்கிப்போனது. கப்பல் எதிரிக் கம்பெனிக்கே விலைபோனது. அவர் ஜெயிலிலிருந்து 1912 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வெளியே வந்தபோது மாலை போட ஊர் திரண்டு நிற்கவில்லை. அந்த வருஷத் தொடக்கத்தில்தான் சன் யாட் சென் சீனக் குடியரசின் முதல் தலைவராக உட்கார்ந்து, மூன்று மாதத்தில் நாற்காலியை விட்டு எழுந்திருந்தார். இவருக்கு உட்கார நாற்காலியே இல்லை. வக்கீல் சன்னதும் பறிபோயிருந்தது. மெட்ராஸில் அரிசிக் கடை வைத்துப் பார்த்தார்.

அப்படியும் அவர் நமக்குக் கிடைத்திருக்கிறார் என்றால், அதற்கு முதல் புண்ணியம் போலீஸ்காரனுக்கு. சிரிக்காதே. 1908 பிப்ரவரி, மார்ச்சில் கடற்கரையிலும் திருநெல்வேலியில் ஆற்று மணலிலும் அவரும் சுப்பிரமணிய சிவாவும் பேசினபோது, கூட்டத்துக்குள் உட்கார்ந்து குறிப்பெடுத்தது யார்? கோரல் மில் தொழிலாளிகள் வேலைநிறுத்தத்தில் நிற்கிறார்கள், ஜனங்கள் கை தட்டுகிறார்கள், போலீஸ்காரன் தலை குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறான். மார்ச் 12-ஆம் தேதி கைது. (உன் சன் யாட் சென் செத்ததும் ஒரு மார்ச் 12-தான், 1925. போன புதன்கிழமை காலண்டரைக் கிழிக்கும்போது நினைத்துக்கொண்டேன்.) மறுநாள் திருநெல்வேலியும் தூத்துக்குடியும் எரிந்தன, திருநெல்வேலியில் சுட்டு நாலு பேரைக் கொன்றார்கள். ஜூலையில் ஜட்ஜ் பின்ஹே நாற்பது வருஷம் நாடு கடத்தச் சொல்லித் தீர்ப்பு எழுதினார், ஹைகோர்ட்டில் அது குறைந்தது. அவரைக் கட்டிப்போட எழுதின காகிதம்தான் இன்றைக்கு அவர் என்ன பேசினார் என்று சொல்ல முதல் சாட்சி. எழும்பூர் ஆவணக்காப்பகத்திலும் லண்டனிலும் அது பத்திரமாக இருக்கிறது.

வெள்ளைக்காரனுக்கு எண்ணுவது ஒரு வியாதி. முத்துக்குளிப்புக்கு மட்டும் எத்தனை பக்கம் எழுதியிருக்கிறான்! எந்தப் பாரில் சிப்பி எத்தனை வயசு, எத்தனை படகு போனது, கொட்டுக்குள் குவித்ததில் ஆயிரம் சிப்பி என்ன ஏலம் போனது, குளியாளுக்குப் பங்கு எவ்வளவு என்று எல்லாவற்றுக்கும் கணக்கு. தாத்தா அந்தச் சிப்பியைத்தான் கல்லைக் கட்டிக்கொண்டு முங்கி அள்ளிக்கொண்டு வந்தார். சிப்பிக்கு இருக்கிற கணக்கு தாத்தாவுக்கு இருக்கிறதா? கடைசி முத்துக்குளிப்பு 1961-இல். அதே வருஷம்தான் சிவாஜி நடித்த ‘கப்பலோட்டிய தமிழன்’ படமும் வந்தது. முத்து நின்றுபோன வருஷம் சினிமாவில் கப்பல் ஓடியது என்று அப்பா கேலி பண்ணுவார். நம் ஜனங்களுக்கு வ.உ.சி. என்றால் இன்றைக்கும் சிவாஜி முகம்தான். அதைக் குற்றமென்று சொல்ல மாட்டேன், நானே அப்படித்தான் அழுதேன்.

இரண்டாவது புண்ணியம் கொழும்புக்கு. திலகரைக் குருவாக நினைத்தவர் இவர். அவரைப்பற்றி இவர் எழுதினது 1933, 34-இல் வீரகேசரியில் தொடராக வந்தது. கப்பல் விட நினைத்த கரையிலிருந்து அவருக்குக் கடைசியில் கிடைத்தது பத்திரிகையில் இடம். அங்கே அச்சானதால் அது பிழைத்தது.

மூன்றாவது புண்ணியம் ஒரு பள்ளிப் பையன் வயசுக்காரனுக்கு. ஆ.இரா. வேங்கடாசலபதி 1984-இல் ‘வ.உ.சி. கடிதங்கள்’ என்று புஸ்தகம் போட்டபோது அவருக்கு வயசு பதினேழு. பதினேழு வயசில் நீ தெப்பக்குளத்தில் கிடந்தாய், நான் டைப்ரைட்டிங் ஹையர் பெயிலானேன். அந்த மனுஷன் அதோடு விடவில்லை. நாற்பது வருஷமாக ஒவ்வொரு தாளாகத் தேடி, 1908 எழுச்சியைப்பற்றித் தமிழில் ஒரு புஸ்தகம், கப்பல் கம்பெனியைப்பற்றி இங்கிலீஷில் ஒரு பெரிய புஸ்தகம். தமிழ்ப் புஸ்தகத்துக்குப் போன டிசம்பரில் சாகித்ய அகாடமி விருது அறிவித்தார்கள். இன்னொன்று, வ.உ.சி.க்கும் காந்திக்கும் நடந்த கடிதப் போக்குவரத்து. தென்னாப்பிரிக்காவில் கூலிக்குப் போன நம் ஜனங்கள், ஜெயிலுக்குப் போன இவருக்காகக் காசு பிரித்துக் காந்தி கையில் கொடுத்திருக்கிறார்கள். 1915-இல் காந்தி ஊர் திரும்பினதும் இவர் எழுதுகிறார், அவர் எழுதுகிறார், காசு எங்கே போனது என்று தேடுகிறார்கள். 1916-இல் கைக்கு வந்தது 347 ரூபாய் 12 அணா. பத்து லட்சம் கம்பெனி நடத்தினவர் 347 ரூபாய்க்குக் கடிதம் எழுதிக் காத்திருந்தார். துறைமுக வாசலில் இத்தனை பெரிய எழுத்தில் பேர் போட்டிருக்கிறார்களே, அதைப் பார்த்தால் இந்த 12 அணா தெரியுமா?

போன மாதம் ஒட்டப்பிடாரம் போனேன். புதியம்புத்தூர் வழியாக பஸ், ஜன்னலோரம் முழுக்கக் கரிசல். அவர் பிறந்த வீட்டை நினைவு இல்லமாக வைத்திருக்கிறார்கள், சிலை, சட்டம் போட்ட படங்கள், ஒரு நூலகம். நான் போனபோது ஸ்கூல் பிள்ளைகள் ஒரு பஸ் வந்திறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையாகச் சுற்றி, ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்து ஐஸ் வாங்கித் தின்றார்கள். ஒரு சின்னப் பெண் மட்டும் வாலேஸ்வரன்னா என்ன சாமி என்று டீச்சரைக் கேட்டாள். அது சாமி இல்லை தாயி என்று நான் குறுக்கே போய்ச் சொன்னேன். பறிபோன சன்னதைத் திரும்ப வாங்கிக் கொடுத்த வெள்ளைக்கார ஜட்ஜ் வாலஸ், அந்த நன்றிக்கு வ.உ.சி. தன் மகனுக்கு அவர் பேரை வைத்தார். பிள்ளைக்குக் கண் விரிந்தது. வெள்ளைக்காரன் பேரையா என்றாள். ஆமா என்றேன். டீச்சருக்கு என்மேல் கோபமோ என்னவோ, சீக்கிரம் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

இப்போது உன் இரண்டாவது விஷயத்துக்கு வருகிறேன். உனக்கு இதுவரை சொல்லாத ஒன்று. நான் வேலைக்குச் சேர்ந்து சில வருஷத்தில் ஆபீஸை இடம் மாற்றினார்கள். பின்னறை ஒன்று நிறைய லெட்ஜர், காலிகோ அட்டை, தோல் முதுகு, ஒவ்வொன்றும் ஆட்டுக்குட்டி கனம். மானேஜர் எட்டிப் பார்த்தார். கரையான் வரும் என்றார். மறுநாள் தள்ளுவண்டி வந்தது. எடை போட்டது நான், சீட்டு எழுதினது நான், டைப் அடித்துக் கணக்கில் வைத்ததும் நான்தான். மூன்று வண்டி. ஒரு வாரம் கழித்து பீச்சில் அவித்த கடலை வாங்கினேன். பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே நீல மசி: கொழும்பு, சென்னா இலை 40 பேல், கருவாடு, மிளகாய் வற்றல், ஏற்றின தோணியின் பேர். யாரோ ஒருத்தர் நிப்பு மாற்றி நிதானமாக எழுதின எழுத்து. கடலைக்காரனிடம் மிச்சத்தைக் கேட்டேன். எல்லாம் பொட்டலமாப் போச்சுக்கா என்றான். அந்த ஒரு தாள் இன்றைக்கும் ரேஷன் கார்டோடு டப்பாவில் கிடக்கிறது. எண்ணெய்க் கறை, உப்பு, கடலைத் தோலி ஒட்டின தடம். சுதேசிக் கம்பெனி காகிதம் எதுவும் அந்த மூன்று வண்டியில் இருந்ததா என்று கேட்காதே. நான் எதையும் பிரித்துப் பார்க்கவே இல்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

அதனால் பெட்டியை எடைக்குப் போட மாட்டேன். மாடி ரூமை வாடகைக்கு விடலாம், அதற்கு ஆட்சேபம் இல்லை. பெட்டி என் கட்டிலுக்கடியில் வந்துவிட்டது. நேற்று திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். அப்பாவின் தண்டல் சர்டிபிகேட், போட்டோவில் மீசை கன்னங்கரேல் என்று இருக்கிறது. மாலத்தீவு போய்வந்த கணக்கு நோட்டு நாலு. ஒன்றில் தண்ணீர் பட்டு முன்பாதி பாறையாக ஒட்டிக்கொண்டது, கத்தி போட்டுப் பிரிக்கப் பயந்து அப்படியே வைத்துவிட்டேன். அம்மாவின் சீட்டுக் கணக்கு. நீ ஏழாம் வகுப்பில் போட்ட கப்பல் படம், கொடியில் வந்தே மாதரம் என்று எழுத்துப் பிழையோடு. அந்தப் பிழையை நீ வரும்போது காட்டுகிறேன்.

வ.உ.சி. 1936 நவம்பரில் சாவதற்கு முன்னால் எழுதிவைத்த உயிலைப் படித்திருக்கிறாயா? சொத்து எழுதுகிற உயிலில் அவர் பாக்கிப் பட்டியல் எழுதினார். நம் ஊர் எண்ணெய்க் கடைக்கு இவ்வளவு, ஜவுளிக் கடைக்கு இவ்வளவு என்று. கடைக்காரர்கள் கேட்கக்கூட மாட்டார்கள். இருந்தும் எழுதினார். அதை முதல்முறை படித்த அன்றைக்கு நான் சோறு பொங்கவில்லை.

ஏன் சொல்கிறேன் என்றால், அப்பாவின் கடைசி நோட்டில், கடைசிப் பக்கத்தில், பென்சிலால் ஒரு வரி. "கா.மு. வகையில் கொழும்பு பாக்கி 7½, கொடுக்கணும்." அதற்குக் கீழே கோடு போடவில்லை, தீர்ந்தது என்றும் எழுதவில்லை. அப்பாவோடு தோணியில் கொழும்புக்குப் போனவன் நீதான். யாருலே அந்தக் கா.மு.? அவர் பிள்ளைகள் யாராவது இருக்கிறார்களா? விசாரித்து எழுது.

பாப்பாவுக்கு மக்ரூன் ஒரு டப்பா, வருகிறவர் கையில் கொடுத்து விட்டிருக்கிறேன். உடைந்திருந்தால் என்னைத் திட்டாதே.

இப்படிக்கு,
அக்கா